பெரிய கடல்நீர் மீன்தொட்டிக்கு மாறுவோருக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் 400 லிட்டர் தொட்டிக்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை:

1. தரைத்தளத்திலோ உத்தரம் தாங்கும் சுவரை ஒட்டியோ தொட்டியை வைக்கவும். நீர் மட்டுமே ஏறத்தாழ 410 கிலோ எடை கொண்டது.

2. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ளவை பாசியைப் பெருக்கக்கூடும் என்பதால் ஆர்.ஓ. நீரையே பயன்படுத்தவும், சமையலறை இயந்திரங்கள் பல சுவைக்காகக் கனிமங்களை விட்டுவைப்பதால், டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டுகிறதா எனப் பார்த்தபின் கடல் உப்பைக் கலந்து, ஒப்படர்த்தி, அதாவது தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.025 வரும்வரை சரிசெய்து, ஒருநாள் சுழலவிடவும்.

3. பழைய பாறைகளை உலரவிடாமல் தொட்டிநீரிலேயே மூழ்கவைத்து மாற்றவும். நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. அடிமணலை அப்படியே கொட்ட வேண்டாம். கிளறினால் தேங்கிய கழிவு கலங்கி மீன்களைக் கொல்லும்.

4. கோடையில் ஆவியாகும் அளவுக்கு உப்பில்லா நீரையே தினமும் சேர்க்கவும், உப்பு ஆவியாவதில்லை.

5. மின்தடைக்கு பேட்டரி ஏர்பம்ப் வைத்திருக்கவும். சூடேறிய நீரில் உயிர்வளி விரைந்து குறையும்.

6. கடலில் எடுத்த பவளத்தை எவர் விற்றாலும் வாங்க வேண்டாம். கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.