சொல்லாமல் பஸ் ஏறினால்…

கேள்வி: மகளும் மருமகனும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். மூன்று வயதுப் பேரன் பென்னாகரம் பக்கத்தில் என்னிடம் வளர்கிறான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார்கள். திரும்பும்போது அவன் அழுவானே என்று, தூங்கும்போதே முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். எழுந்து தேடுவான். அப்புறம் தரையில் புரண்டு தலையை முட்டிக்கொள்கிறான், என்னைக் கடிக்கிறான். போன வாரம் அழுதே மூச்சடங்கி உதடு நீலம் பாரித்துவிட்டது. இத்தனைக்கும் அம்மா வந்தால் அவளிடம் போகாமல் என் முந்தானைக்குள் ஒளிகிறான். ‘செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட, ரெண்டு போடு’ என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய?
– ஒரு பாட்டி, தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் மூச்சடங்கியதைப் பார்ப்போம். உச்ச அழுகையில் சில குழந்தைகளுக்கு மூச்சு வெளியே போய் அப்படியே நின்றுவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாகத் தெளிந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குலுக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளிடம் இது அதிகம் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள். அழாமலே நீலம் பாரித்தாலோ, கைகால் வெட்டினாலோ, ஒரு நிமிடம் தாண்டினாலோ உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

செல்லத்தால் வந்த கோபமல்ல இது. 1952இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு படம் எடுத்தார். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த லாரா என்ற இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றியது. பெற்றோர் பிள்ளைகளோடு தங்க அன்று அங்கே அனுமதி இல்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் அம்மாவின் கையைப் பிடிக்க மறுத்தாள். அம்மாவை மறந்துவிட்டதால் அல்ல, என்னை விட்டுப் போனாயே என்கிற ஆற்றாமை. உங்கள் முந்தானைக்குள் ஒளிகிறவனுக்கும் அதேதான். அந்தப் படமும் ராபர்ட்சனின் பிரச்சாரமும் பெற்றோரை உள்ளே விடும்படி 1959இல் அங்கே அரசுக் குழுவே பரிந்துரைக்கும் அளவுக்குக் கொண்டுபோயின.

ஆகவே, தூங்கும்போது கிளம்புவது நிற்க வேண்டும். இப்போது அவனுக்குத் தூங்கப் போவதே பயம். கண்ணை மூடினால் யார் காணாமல் போவார்களோ! முந்தின நாளே மகள் சொல்லட்டும்: ‘காலையில பஸ்ஸுக்குப் போறேன். ரெண்டு சந்தை கழிச்சு வருவேன்.’ பதினைந்து நாள் என்றால் அவனுக்குப் புரியாது, சந்தை புரியும். விடியற்காலை நாலு மணியானாலும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகட்டும். அழுவான், அழட்டும். உங்கள் மடியில் அழுகிற அழுகை அது. கடைக்குப் போய் மிட்டாய் வாங்கி வருகிறேன் என்ற பொய் மட்டும் வேண்டாம்.

புரளும்போது புத்தி சொன்னால் ஏறாது. தலைக்கு அடியில் மடித்த போர்வையைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ‘அம்மா போயிட்டான்னு கோவமா இருக்குல்ல சாமி’ என்று ஒரு வரி போதும். கடிக்க வந்தால் தடுத்துக்கொண்டு, ‘கடிச்சா ஆயாவுக்கு வலிக்கும், கடிக்க விடமாட்டேன்’ என்று குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். கோபப்படலாம், கடிக்கக் கூடாது. இரண்டும் அவனுக்குத் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுபோல் ரெண்டு போட்டால் அழுகை நிற்கும், உண்மைதான். பயத்தில் நிற்கும். ஊசி போடுகிற டாக்டரைக் காட்டி மிரட்டுவதும் வேண்டாம். அப்படி மிரட்டப்பட்ட பிள்ளைகளை என் அறைக்குள் வரவழைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

மகள் வந்ததும் ‘போ, அம்மாகிட்டப் போ’ என்று தள்ளாதீர்கள். கட்டிப்பிடிக்கப் பாயாமல் அவள் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்து ஏதாவது உரித்துக்கொண்டிருக்கட்டும். ஒரு மணி நேரமானாலும் அவனே வருவான்.

இன்னொன்று. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் கட்டடத் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. தன் வேலையிடத்தில் அப்படி ஒன்று உண்டா என்று மேஸ்திரியிடம் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.