பழைய அமெரிக்கக் காடிக்கு இன்ஜின் மாற்றப் போகும் தம்பிக்கு

பினாங்கில் நாற்பது, ஐம்பதுகளின் செவர்லே, போர்டு, டாட்ஜ் காடிகள் இன்னும் சில வீடுகளில் போர்வைக்குள் நிற்கின்றன. தாத்தா ஓட்டியது, அப்பா மூடி வைத்தது. பேரன் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வந்து, "அங்கிள், இதுக்கு எந்த இன்ஜின் போடலாம்?" என்பான். கைப்பேசியில் அமெரிக்கக்காரன் பெரிய வி8 இறக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவான். அவனுடைய ஊர்க் கணக்கு வேறு, நம் ஊர்க் கணக்கு வேறு. அதனால் எந்த இன்ஜின் என்ற என் முடிவை நான் பிற்பாடுதான் சொல்வேன். அதற்கு முன் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

1. பழைய இன்ஜின் செத்துவிட்டது என்று யார் சொன்னது? கம்ப்ரஷன் பார்த்தாயா? வருசக்கணக்கில் நின்ற காடியில் கார்பரேட்டர் அடைத்திருக்கும், பாயின்ட் பூத்திருக்கும், வால்வு ஒட்டியிருக்கும். அதெல்லாம் சாவு இல்லை. 1952 வரை வந்த செவர்லே காடிகளில் பெரும்பாலும் இருப்பது 216 கன அங்குல ஆறு சிலிண்டர். அதில் ராடு பேரிங்குகள் உருக்கி ஊற்றிய பேபிட் உலோகம். ராடின் அடியில் இருக்கும் சின்ன அகப்பைதான் சம்ப்பிலிருந்து எண்ணெயை வாரிக்கொள்ளும். ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் இன்னும் ஓடும். நெடுஞ்சாலையில் விரட்டினால் முதலில் போவது அந்தப் பேரிங்தான், பேபிட் ஊற்றத் தெரிந்த கை இப்போது கிடைப்பது கஷ்டம். அது போயிருந்தால்தான் மாற்றத்தைப் பற்றி யோசி. அப்போதும் அதே குடும்பத்து 235 இன்ஜின் உண்டு. 1954 முதல் எல்லாச் செவர்லே காடியிலும் அது முழு அழுத்த எண்ணெயோட்டத்துடன் வந்தது. முன் மவுண்டும் வாட்டர் பம்பும் கொஞ்சம் வேலை கேட்கும், அவ்வளவுதான். காடியின் முகம் மாறக் கூடாது என்பவனுக்கு அதுவே போதும்.

2. எங்கே ஓட்டப் போகிறாய்? கல்யாணத்துக்கு வாடகை விட்டு, லெபு பந்தாய் பக்கம் படம் பிடிக்க நிறுத்துவதற்கா, குடும்பத்தோடு பாலம் தாண்டிக் கோலாலம்பூர் போவதற்கா? முதலாவது என்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு, பழைய இன்ஜினைச் சரி செய். நிஜமாகவே சொல்கிறேன்.

3. கிரானை, அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தை, எடுத்து மேசையில் வை. அதில் இருக்கும் இன்ஜின் எண்ணும் காடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார். எனக்கு முன்னால் யாரோ எப்போதோ மாற்றிவிட்டு எழுதாமல் விட்ட காடிகள் உண்டு. அப்படி இருந்தால் அந்தச் சிக்கலை முதலில் தீர். இன்ஜின் மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும், புஸ்பாகோம் வாகனச் சோதனை வேண்டும். காப்புறுதிக்காரனுக்கும் சொல்ல வேண்டும். சொல்லாத இன்ஜினோடு மோதினால் அவன் கையை விரித்துவிட இடம் கொடுக்கிறாய். ஜேபிஜே கவுண்டருக்குப் போய் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. இன்ஜின் வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்.

4. சாலை வரி. இதைத்தான் பிள்ளைகள் யாருமே யோசிப்பதில்லை. நம் நாட்டில் தனியார் காடிக்கு வரி சிசி கணக்கில் ஏறுகிறது, அதுவும் படிப்படியாக அல்ல, பாய்ந்து ஏறுகிறது. தீபகற்பத்தில் 3000 சிசிக்கு மேல் போனால் 2,130 வெள்ளி அடிப்படை, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. அமெரிக்கக்காரன் ஆசைப்படும் 350 கன அங்குல வி8 என்பது 5733 சிசி. வருசத்துக்கு 14,428 வெள்ளி! உன் தாத்தாவின் 216 கூட 3548 சிசி, அதற்கே கிட்டத்தட்ட 4,600 வெள்ளி. இப்போது டொயோட்டா 1ஜேஇசட் பக்கம் பார். 2491 சிசி, 871 வெள்ளி. தாத்தா இன்ஜின் 90 குதிரைச்சக்தி. 1996க்குப் பிறகு வந்த விவிடி-ஐ 1ஜேஇசட் 200. அமெரிக்காவில் இன்ஜின் மாற்றம் என்றால் மேலே ஏறுவது. இங்கே கீழே இறங்குவதுதான் புத்தி. இறங்கியும் இரண்டு மடங்கு சக்தி கிடைக்கிறது. நம்ம புரோட்டான் சாகா பையன்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1.5 சாகாவில் அவர்கள் இறக்கும் 4ஜி92 மைவெக் இன்ஜின் 1597 சிசி. 1401 முதல் 1600 வரை ஒரே படி, அதே 90 வெள்ளி வரி. பழைய காடிகளுக்கு வரிச் சலுகை உண்டே என்பாய். இன்ஜின் மாற்றிய காடிக்கும் அது பொருந்துமா என்று மூன்றாவதில் சொன்ன அதே கவுண்டரில் கேள். சலுகையை நம்பி இன்ஜின் வாங்காதே.

5. காடிக்கு அடியில் படுத்துப் பார். செவர்லேயில் 1954 வரையும், போர்டில் 1948 வரையும் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் ஒரு கெட்டிக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். டார்க் டியூப் என்பார்கள். பின்சக்கரம் காடியைத் தள்ளும் விசையை வாங்கி முன்னால் சேர்ப்பது ஸ்பிரிங் அல்ல, அந்தக் குழாய். புது இன்ஜினோடு வரும் ஜப்பான் கியர்பாக்ஸின் வால் அந்தத் தள்ளலைத் தாங்க வடிவமைக்கப்பட்டதல்ல. ஆக, இன்ஜின் மாற்றினால் கியர்பாக்ஸ் மாறும், கியர்பாக்ஸ் மாறினால் ஷாஃப்ட் மாறும், ஷாஃப்ட் மாறினால் பின் அச்சே மாறும். ஹைலக்ஸ் பின் அச்சை ஏற்றுகிறவர்கள் உண்டு. அகலம், ஸ்பிரிங் உட்காரும் இடம் இரண்டையும் அளந்த பிறகு வாங்கு. இதைக் கணக்கில் சேர்க்காமல் இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கியவர்கள் பாதி வேலையில் காடியை விற்றுவிட்டுப் போயிருக்கிறார்கள். நீ வாங்க நினைக்கும் காடியே அப்படி விற்கப்பட்ட ஒன்றாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்.

6. சரி, இப்போது இன்ஜின். என் முடிவு 1ஜேஇசட், டர்போ இல்லாதது, தன் சொந்த ஆட்டோ கியர்பாக்ஸோடு. நீளமான ஆறு சிலிண்டர் இருந்த இடத்தில் நீளமான ஆறு சிலிண்டர் உட்காரும். ஓவர்டிரைவ் கியர் இருப்பதால் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கத்தாது. இரண்டு இடத்தில் டேப் வைத்து அள. ஒன்று, சம்ப்பின் குழி முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்று. இன்னொன்று, ஜேஇசட்டின் புகைப்போக்கி மேனிஃபோல்டு வலப்பக்கம் இருக்கிறது, நம் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். போர்டு மலாயா, கனடா போர்டின் கிளையாக இருந்தது. பிரிட்டிஷ் நாடுகளுக்கான வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளைக் கனடாதான் அனுப்பியது. எனவே அமெரிக்கப் படங்களில் இடிக்காமல் உட்காரும் இன்ஜின் உன் காடியில் ஸ்டியரிங் பெட்டியில் இடிக்கலாம். 2ஜேஇசட் 2997 சிசி, வரி 2,100க்கு மேல், அந்தக் கூடுதல் சக்திக்கு இந்தக் காடியில் வேலை இல்லை. வி8 சத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் டொயோட்டா 1யூஇசட் இருக்கிறது, 3968 சிசி, வரி 6,486. காசு உன்னுடையது. டீசல் வேண்டாம். பேச்சே வேண்டாம்.

7. வெட்டிய பழைய பாகங்கள் விற்கும் பொத்தோங் கடைக்குப் போகும்போது தனி இன்ஜின் கேட்காதே, முழு ஹாஃப்கட் கேள். ஜப்பானில் வெட்டிய அந்த முன்பாதியில்தான் வயரிங், ஈசியு, ரேடியேட்டர், ஃபேன், கியர் கேபிள், மேனிஃபோல்டு எல்லாம் ஒன்றாக வரும். வயரை வெட்டிக் கழற்றிய இன்ஜினுக்குப் பிறகு ஒவ்வொரு சென்சாராகத் தேடி அலைவாய். எண்ணெய் மூடியைத் திறந்து பார். உள்ளே தார் மாதிரிக் கறுத்துக் கட்டியிருந்தால் வந்த வழியே திரும்பு. ஓட்டிக் காட்டச் சொல். சாவி கேள். பிளாக்கில் அடித்திருக்கும் எண் தெளிவாக இருக்கிறதா, சுரண்டிய தடம் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார். ரசீதில் அந்த எண்ணை எழுதச் சொல், இறக்குமதித் தாளின் நகலையும் வாங்கு. கடை முதலாளி தவுக்கே சிரிப்பார், "அப்புறம் தர்றேன்" என்பார். காசு கொடுப்பதற்கு முன் தரச் சொல். காடிக்குள் இறக்குவதற்கு முன் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிடு. வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போது அரை நாள் வேலை.

8. பிரேக். 1967க்கு முந்திய அமெரிக்கக் காடிகளில் பெரும்பாலும் ஒரே சுற்று மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்திலும் டிரம். ஓரிடத்தில் குழாய் ஒழுகினால் நான்கும் போய்விடும். தெலுக் பஹாங்கிலிருந்து பாலேக் பூலாவ் போகும் மலை வளைவில் 1400 கிலோ காடியை அதை நம்பி இறக்க முடியாது. இரட்டைச் சுற்று மாஸ்டரும் முன் டிஸ்க்கும் இன்ஜினுக்கு முன்னால் போட வேண்டியவை. மின்சாரமும் அப்படித்தான். 1954 வரை செவர்லே 6 வோல்ட், போர்டு 1955 வரை. புது இன்ஜின் 12 வோல்ட் கேட்கும், எனவே விளக்கு, ஹாரன், வைப்பர் மோட்டார், மீட்டர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டி வரும். ஜார்ஜ்டவுன் நெரிசலில் பன்னிரண்டு மணி வெயிலில் ஏர்கான் போட்டு நிற்பதைக் கணக்கில் வைத்து ரேடியேட்டர் வாங்கு.

9. பாடியை வெட்டாதே. சட்டத்தில் துளை போட்டு மவுண்ட் பிடி, பிற்பாடு கழற்ற முடிகிற மாதிரி. பழைய இன்ஜினைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதே. எண்ணெய் ஊற்றி, துவாரங்களை அடைத்து, பலகை மேல் உலர்ந்த இடத்தில் வை. நம் கடற்காற்று ஒரு மழைக்காலத்திலேயே சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவன் முதலில் கேட்பது அந்தப் பழைய இன்ஜினைத்தான்.

10. எந்தப் பட்டறைப் போமனுக்கும் மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதே, எனக்கும்தான். வேலை முடிய முடியக் கொடு. புது எண் கிரானில் ஏறும்வரை காடியைப் பாலத்தில் ஏற்றாதே.