வடக்கே போகும் வரிப்பணம்

கேள்வி: ஐயா, பிறப்பைக் கட்டுப்படுத்தினோம், தொழிலை வளர்த்தோம், வரியும் ஒழுங்காகக் கட்டுகிறோம். பங்கு பிரிக்கும்போது மட்டும் உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டு நமக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் பணக்கார மாநிலம், ஏழை மாநிலம் உண்டே, அங்கும் இப்படித்தானா?
– ஒரு வாசகர், கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டம்

பதில்: கணக்கு நீங்கள் சொல்கிறபடிதான் இருக்கிறது. 15-வது நிதிக்குழு (2021–26) மாநிலங்களுக்குப் பிரித்த வரித்தொகையில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.94 சதவீதம், பீகாருக்கு 10.06, நமக்கு 4.08. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் நாம் ஏறக்குறைய 6 சதவீதம். தலையை எண்ணிக் கொடுத்திருந்தால்கூடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பங்கைத் தீர்மானிக்க அந்தக் குழு வைத்த அளவுகோல்களில் 45 சதவீதம் வருமான இடைவெளிக்குப் போய்விட்டது. எந்த மாநிலத்தில் வருமானம் குறைவோ, அதற்குப் பங்கு அதிகம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு வெறும் 12.5.

பீகாரில் தலைக்கு வரும் வருமானம் நம்முடையதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஏழ்மை முழுக்க அவர்களே தேடிக்கொண்டதும் அல்ல. 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை, இரும்பும் எஃகும் நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி சரக்குக் கட்டணத்தை ஒன்றிய அரசு சமன்செய்தது. சுரங்கம் அன்றைய பீகாரில். ஆலையோ சென்னையிலும் பம்பாயிலும். நாம் அடைந்த இந்த லாபத்தை நம் மேடைகளில் யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் நம்முடையதைப் போன்ற நிதிக்குழு கிடையாது. ஆனாலும் ஏழைகளின் மருத்துவச் செலவுக்கான மெடிகெய்டில் பணக்கார மாநிலத்துக்கு மத்திய அரசு பாதியைத் தருகிறது, ஏழை மாநிலமான மிசிசிப்பிக்கு முக்கால் பங்குக்கும் மேல். அங்கே பெரிய சண்டை வாக்கின் மதிப்பைப் பற்றியது. 2020-இல் கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேர். வயோமிங்கில் 6 லட்சம்கூட இல்லை, உங்கள் மாவட்டத்தில் பாதிக்கும் குறைவு. செனட்டில் இரண்டுக்கும் தலா 2 இடம்.

உங்கள் மாவட்டத்துக்கே வருவோம். 2011-இல் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி தருமபுரி: 68.5 சதவீதம். தொழில் நகரமான ஓசூரும் 2004-இல் கிருஷ்ணகிரியோடு பிரிந்து போயிற்று. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்பதால் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் கடனை அடைப்பதில் சென்னைக்காரர், கோவைக்காரர் வரியும் இருக்கிறது. ‘என் பணம் தருமபுரிக்கு எதற்கு?’ என்று கோவைக்காரர் கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா?

கோபப்பட நியாயமான இடம் வேறு. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் பணம் மாநிலங்களுக்கான பங்குக்கே வருவதில்லை. பெட்ரோலுக்கு நீங்கள் கட்டும் ஒன்றிய வரியில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். அதில் பீகாருக்கும் பங்கு கிடையாது. அடுத்த முறை உங்கள் எம்.பி. ஊருக்கு வந்தால், இதைக் கேளுங்கள்.