உரமிடுமுன் மண்ணை அறிவோம்

பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும் மற்றொரு பகுதி உரமாகவும் நம் சங்கங்களில் வழங்கப்படுகிறது. ரொக்கத்தை ஒவ்வொரு ரூபாயாக எண்ணி வாங்கும் அங்கத்தினர், உரத்தைப் பெறும்போது சென்ற ஆண்டு எடுத்த மூட்டைகளையே இவ்வாண்டும் கேட்கிறார். அல்லது அண்டை வயல்காரர் எடுத்த அளவையே தாமும் எடுக்கிறார். அம்மூட்டையும் கடனே என்பது பலர் நினைவில் நிற்பதில்லை. மண்ணுக்கு வேண்டாத உரத்தை வாங்குவோர், விளைச்சல் தராத கடனைத் தம் பெயரில் எழுதிக்கொள்கின்றனர். தவணை தவறினால் அத்தீங்கு அவரோடு நில்லாது சங்கத்தையும் பற்றும். ஆதலின் மண் பரிசோதனையைக் கடன் ஒழுங்கின் ஒரு பகுதியாகவே நாம் கருதல் வேண்டும்.

குறைந்ததே எல்லை

பயிருக்கு முதன்மையாக வேண்டுவன தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்று. துத்தநாகம், இரும்பு, போரான் முதலியன மிகச் சிறு அளவில் வேண்டும். இவற்றுள் தேவைக்கு மிகக் குறைந்து நிற்பது எதுவோ, அதுவே விளைச்சலுக்கு எல்லை வகுக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் லீபிக் பரப்பிய இவ்வுண்மையை நம் வீட்டுக் குடமே விளக்கும். பாதி உயரத்தில் ஓட்டையுள்ள குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தாலும் ஓட்டைக்கு மேல் நில்லாது. மணிச்சத்துக் குறைந்த வயலில் யூரியாவையே மேன்மேலும் இடுவது அத்தகையது. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலும் இதனையே காட்டுகிறது. தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகள், முச்சத்தும் பெற்ற பாத்திகளுக்கு இணையாக விளையவில்லை. மிகையும் தீங்கே. தழைச்சத்து மிகுந்தால் நெற்பயிர் கரும்பச்சையாய்ச் செழித்துப் பின் சாயும். புகையான் பெருகவும் இடமாகும்.

மாதிரி எடுக்கும் முறை

நெசவாள அங்கத்தினர்க்கு இம்முறை புதிதன்று. நூல் வந்ததும் ஒரு சிட்டாவை நிறுத்து அதன் நம்பரை அறிகின்றனர். 840 கெஜச் சிட்டாக்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனையோ அதுவே நம்பர். அந்த ஒரு சிட்டா கட்டு முழுமைக்கும் சாட்சி சொல்ல வேண்டுமாயின், அது ஈரம் பட்டதாக இருத்தல் ஆகாது. மண்ணுக்கும் இதுவே விதி. ஓர் ஏக்கரில் 15 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணின் எடை சுமார் 9 இலட்சம் கிலோ. நாம் அனுப்புவதோ அரைக் கிலோ. எடுத்த கை தவறினால் ஆய்வுக்கூடம் எவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தும் பயனில்லை.

சம்பா அறுவடைக்குப் பின், கோடை உழவுக்கு முன் எடுப்பது நன்று. உரமிட்ட அண்மையில் எடுத்தலாகாது. மேட்டு வயல், பள்ள வயல், நிறம் வேறுபட்ட மண் ஆகியவற்றுக்குத் தனித்தனி மாதிரி வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம், வாய்க்காலோரம், கிணற்றடி ஆகியவற்றை விலக்குக. 10 முதல் 15 இடங்களில் மேற்பரப்பின் சருகுகளை நீக்கி, ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஓரங்குலக் கனத்தில் சீவி எடுக்க வேண்டும். நெல், கேழ்வரகு, நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம்; பருத்தி, கரும்பு, வாழைக்கு 22 செ.மீ. ஆழம்.

எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்குக. அரைக் கிலோ எஞ்சும்வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தித் தூய பையில் இடுக. உரச்சாக்கு உதவாது. பெயர், சர்வே எண், ஆழம், முன்பயிர், இனி இடவிருக்கும் பயிர், பாசன வகை ஆகியவற்றைச் சீட்டில் எழுதுக.

அறிக்கையைப் படித்தல்

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் 12 இனங்களைக் காட்டுவது. நாம் முதலில் நோக்க வேண்டுவது கார அமில நிலை. 6.5 முதல் 7.5 வரை நன்று. 8.5க்கு மேற்பட்ட களர் நிலமாயின் ஜிப்சமிட்டுச் சீர்செய்யாமல் உரத்தில் பணம் இடுதல் வீண். அடுத்து முச்சத்துகள். தமிழ்நாட்டில், எக்டருக்குத் தழைச்சத்து 280 கிலோவுக்குக் கீழ் குறைவு, 450க்கு மேல் மிகுதி. மணிச்சத்து 11க்குக் கீழ் குறைவு, 22க்கு மேல் மிகுதி. சாம்பல்சத்து 118க்குக் கீழ் குறைவு, 280க்கு மேல் மிகுதி எனக் கொள்வர்.

ஓர் உதாரணம் காண்போம். மணிச்சத்து மிகுதி என்று அறிக்கை கூறும் வயலுக்கு, பயிர் பசுமை பெறுமென்று ஒருவர் 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை வாங்குகிறார். அதில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. அவர் விரும்பும் பசுமையைத் தருவது அந்த 9 கிலோ. அதனை ஏறத்தாழ 20 கிலோ யூரியா தந்துவிடும். எஞ்சிய 23 கிலோவுக்கு அவர் விலை கொடுப்பது, தம் மண்ணில் முன்னரே தேங்கிக் கிடக்கும் ஒன்றிற்கேயாம்.

பயிரையும் கேட்போம்

தழைச்சத்து நீரோடும் காற்றோடும் கழிவது. ஆதலின் விதைக்குமுன் செய்த மண் சோதனை பருவம் முழுமைக்கும் போதாது. நின்ற பயிரையும் நோக்க வேண்டும். நெல்லுக்கு இலைவண்ண அட்டை உண்டு. நட்ட 14ஆம் நாள் முதல் பூக்கும்வரை வாரந்தோறும், காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, நோயற்ற 10 பயிர்களில் முழுதும் விரிந்த மேலிலையை நம் உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடுக. ஆறு இலைகளேனும் 4ஆம் எண்ணினும் வெளிறியிருந்தால் மட்டுமே மேலுரம் இடுக. வெள்ளைப் பொன்னிக்கு எண் 3. வாழையில் மேலிருந்து மூன்றாம் இலையையும், தென்னையில் பதினான்காம் மட்டையையும் ஆய்வுக்கு எடுப்பர்.

மஞ்சளித்த பயிரெல்லாம் யூரியா கேட்பதன்று. தராய்ப் பகுதி நெல்வயல்களில் இலைகள் துருநிறம் பாய்ந்து பயிர் குன்றிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று 1966இல் பந்த்நகர் அறிஞர் நேனே கண்டறிந்தார். அத்தகைய வயலுக்கு யூரியா மருந்தாகாது. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

அறுவடைக்குப் பின் ஒரு நாளைக் குறித்து, அங்கத்தினர் அனைவரும் மாதிரி எடுத்து, சங்கத்தின் வாயிலாக ஒருசேர அனுப்பலாம். கடன் மனுவோடு மண் அறிக்கையையும் வைத்து உரத்தின் அளவை முடிவு செய்யலாம். ஒருவர் வயலின் மண்ணைப் பலர் பெயரில் பகிர்ந்து அனுப்பும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அது பொய்க்கணக்கை ஒத்த தீங்கென உணர்ந்து உடனே விலக்க வேண்டும். அவ்வறிக்கையை நம்பி உரமிடுவோர் நம் அங்கத்தினரே.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கு:

1. சென்ற பருவத்தில் நாம் வாங்கிய உரத்தின் அளவை எதைக்கொண்டு முடிவு செய்தோம்?

2. நம் வயல்களுள் எவை தனி மாதிரிக்கு உரியவை?

3. மாதிரி எடுக்கும் நாளை எப்பொழுது குறிப்போம். புதியவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பை யார் ஏற்பார்?