சைட்டுக்குப் போகும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

சிவில் முடித்த உன்னைப் பொள்ளாச்சியில் பாலம் கட்டும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் கோயம்புத்தூருக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கப் போகச் சொல்கிறார்கள். "பொம்பளப்புள்ளைக்கு ஏசி ரூம் வேலைதான் பாதுகாப்பு" என்கிறாராம் உன் அப்பா. உன் படிப்பின்மேல் அவருக்குச் சந்தேகமில்லை. மீனாட்சிபுரம் வீட்டுக்கு ராத்திரி எப்படித் திரும்புவாய் என்பதுதான் அவர் கவலை.

நம் பெண்கள் பொறியியலை வெறுக்கவில்லை. கம்ப்யூட்டர் வகுப்புகளில் நிறையவே இருக்கிறார்கள். சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும்தான் தயங்குகிறார்கள். சட்டமும் அப்பா மாதிரியேதான் பேசியது. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2000இல்தான் அந்தத் தடை செல்லாது என்றது.

ஆனால் சைட்டில் பெண்ணே இல்லையா? கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள் யார்? அவள் வெயிலில் நிற்பதைப் பற்றி யாரும் கவலைப்பட்டுக் கேட்டதில்லை. கையில் டிராயிங்கோடு ஒரு பெண் வரும்போதுதான் பாதுகாப்புப் பேச்சு வருகிறது. எனக்கு அதில் எரிச்சல் உண்டு.

டிராயிங்கோடு சைட்டுக்குப் போன பெண்கள் முன்பே உண்டு. பக்கத்துத் திருச்சூர் மாவட்டத்துக்காரர் பி. கே. தெரேசியா. 1940களில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் லீலாம்மா ஜார்ஜோடு சிவில் படித்தார். அதே காலத்தில் லலிதா என்பவர் அங்கேயே எலக்ட்ரிகல் படித்தார். லலிதா பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பாதான் பேசி இடம் வாங்கினார். (எல்லாருக்கும் அப்படி அப்பா அமைவதில்லை.) தெரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ரோடும் பாலமும், எல்லாம் வெயில் வேலை.

சேருமுன் கம்பெனியிடம் இதைக் கேள். கான்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் விட முடியாது. விட்டால் பழையதும் புதியதும் சரியாக ஒட்டாது. ஆகவே ராத்திரி ஆகும். திரும்பக் கம்பெனி வண்டி உண்டா? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை உண்டா? கட்டுமான இடத்தில் கழிப்பறை வேண்டுமென்று கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996 சட்டமே சொன்னது. கெஞ்சாதே, எழுதி வாங்கு. அந்தக் கழிப்பறையைச் சித்தாள்களும் பயன்படுத்த வேண்டும். பூட்டிச் சாவியை உன்னிடம் தந்தால் வாங்காதே.

அந்தத் தாளை அப்பாவிடம் காட்டு. பாதி பயம் தெளியும், மீதிக்கு அவரையே ஒருநாள் சைட்டுக்கு அழைத்துப் போ. கம்பெனி எழுதித் தர மறுத்தால் வேறு கம்பெனி பார்.

சேர்ந்த பிறகு, கம்பி இடைவெளியை டேப் வைத்து அளக்காமல் கான்கிரீட்டுக்குச் சம்மதிக்காதே. மேஸ்திரி முறைப்பார். அளந்து முடி, பிறகு டீ வாங்கிக் கொடு.

அன்புடன்,
அத்தை