பிள்ளைக்கு ஊசி போடும் நாளில்

கடை திறக்கும் நேரமும் கிளினிக் திறக்கும் நேரமும் ஒன்றாயிருப்பதால், கைக்குழந்தைக்கு ஊசி போடும் காரியம் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. இரண்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியே போய்வரும் அவள், பிள்ளை அழுத அழுகையைச் சொல்லி, "அடுத்த ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்று அன்றிரவே கேட்கிறாள். கல்லாப் பெட்டியைப் பூட்டிவிட்டுக் களைத்து வந்த தகப்பனும், "பிள்ளை தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிவிடுகிறார். அந்தப் 'பிறகு' பல வீடுகளில் வருவதே இல்லை.

சகோதரர்களே, தவணை தவறினால் கடன்காரன் மட்டுமல்ல, நோயும் வாசலுக்கு வரும். 2016-ஆம் ஆண்டு மலேசியாவில் தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் தலைகாட்டிச் சில குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. 1992-க்குப் பிறகு காணப்படாதிருந்த இளம்பிள்ளை வாதம், 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தை ஒன்றிடம் கண்டறியப்பட்டது. சிங்கப்பூரிலோ தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் ஊசி போடுவது சட்டப்படியே கட்டாயம். ஆகவே ஊசியை விடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அதன் வலியைக் குறைக்க முடியுமா என்றால், முடியும். அதற்குக் காசும் வேண்டியதில்லை.

"பச்சைப் பிள்ளைக்கு வலி தெரியாது, உடனே மறந்துவிடும்" என்று மூத்தோர் சொல்வதுண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரை டாக்டர்களில் பலரே அப்படித்தான் எண்ணினர். இந்தியாவில் வைத்தியம் படித்து ஆக்ஸ்போர்டு சென்ற டாக்டர் ஆனந்த் 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் அவ்வெண்ணத்தை மாற்றின. பிறந்த சிசுவுக்கும் வலி உண்டு என்பது நிலைபெற்றது. மறந்துவிடும் என்பதும் முழு உண்மையன்று. 1997-ல் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியொன்று நமக்கும் பொருந்துவதாகும். பிறந்த நாட்களிலேயே சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகளில், மரப்புக் களிம்பு பூசப்படாதவர்கள், நாலைந்து மாதம் கழித்துத் தடுப்பூசி போட்டபோது மற்றவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினர்.

மலேசிய அட்டவணையைப் பாருங்கள். பிறந்தவுடன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை 'பி' வகைக்கும் ஊசிகள். பிறகு 2, 3, 5-ஆம் மாதங்களில் ஆறு நோய்களுக்கான ஒரே ஊசி. இடையே 4, 6-ஆம் மாதங்களில் நியூமோகாக்கஸ் ஊசி. அதாவது இரண்டாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை, மாதம் தவறாமல் ஒரு குத்து. முதல் ஊசியில் தாய் மிரண்டால் மிச்சம் நான்கும் ஆட்டம் காணும்.

வலிக்கு முதல் மருந்து தாயின் மடி. பிள்ளையை மேசைமேல் மல்லாத்திப் பிடித்து அமுக்குவது வேண்டாம். தாயின் மார்போடு மார்பாக, நிமிர்த்தி அணைத்துக்கொண்டு, தொடையை மாத்திரம் திறந்து காட்டினால் போதும்; ஊசி தொடையில்தான் போடப்படுகிறது. ஊசிக்குச் சற்று முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, குத்தும்போதும் விடாமல், பின்னரும் சில நிமிஷம் கொடுக்கவேண்டும். அணைப்பு, உடற்சூடு, சப்புதல், பாலின் இனிப்பு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்கின்றன. உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2015-ல் இதையே சிபாரிசு செய்தது. பால் புரையேறுமோ என்று பாட்டிமார் பயப்படுவார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் அப்படி நேரக் காணவில்லை. கூச்சம் என்றால் ஒரு துப்பட்டியும், "மடியில் வைத்தே போடுங்கள்" என்று தாதியிடம் முன்கூட்டிச் சொல்லும் ஒரு வார்த்தையும் போதும். ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால், அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடும்படி கேட்கலாம்.

தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு தேக்கரண்டியில் சீனி ஒரு தேக்கரண்டி கரைத்து, ஊசிக்கு ஓரிரு நிமிஷம் முன்பு நாவில் சில சொட்டு விடலாம். தாதியைக் கேட்டுச் செய்வது நலம். ஆனால் தேன் கூடாது! குழந்தை பிறந்ததும் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில், தேனிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி முளைத்து நஞ்சாகித் தசைகளை முடக்கிவிடும். பேரீச்சம்பழத்தை மென்று தொட்டுவைக்கும் தஹ்னீக்குக்குத் தேன் அவசியமுமில்லை.

வீட்டிலிருந்து புறப்படும்போதே காய்ச்சல் மருந்தைப் புகட்டிச் செல்வோரும் உண்டு. டாக்டர் சொன்னாலன்றி வேண்டாம். 2009-ல் செக் நாட்டில் நடந்த சோதனையில், பாரசிட்டமாலை முந்திக் கொடுத்த பிள்ளைகளிடம் சில தடுப்பூசிகளின் பலன் குறைந்து காணப்பட்டது. ஊசிக்குப் பின் காய்ச்சலோ நோவோ கண்டால், எடைக்கேற்ற அளவைக் கேட்டுக் கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தில் ஈரத்துணி வைக்கலாம். எண்ணெய் தடவித் தேய்ப்பது வேண்டாம். காசநோய் ஊசி போட்ட இடம் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளமாகிச் சீழ் கட்டி, தானே ஆறி வடுவாகும்; கிள்ளவும் வேண்டாம், களிம்பும் வேண்டாம்.

தகப்பனுக்கு என்ன வேலை? ஊசி நாளன்று கடையை ஒரு மணி நேரம் தம்பியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ ஒப்படைத்துவிட்டு உடன் போவதுதான். தாய் நடுங்கினால் பிள்ளைக்குத் தெரியும். பக்கத்தில் ஆள் இருந்தால் நடுக்கம் குறையும். என் மூத்த பிள்ளைக்கு நான் போகவில்லை, சரக்கு இறங்கும் நாள் என்று சாக்குச் சொன்னேன். இளையவனுக்குப் போனேன். பால் குடித்துக்கொண்டிருந்தவன் குத்தியதும் ஒரு முறை வீறிட்டான். தாதி பஞ்சை எடுப்பதற்குள் மறுபடியும் சப்பத் தொடங்கிவிட்டான்.