பிரித்தலைக் குறிக்கும் ஆங்கில வினைகள்



பூவைப் பறிக்கிறோம், பழத்தின் தோலை உரிக்கிறோம், முடிச்சை அவிழ்க்கிறோம், சட்டையைக் கழற்றுகிறோம், ஆணியைப் பிடுங்குகிறோம். இவை அனைத்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறாக்கும் செயல்களே. ஆயினும், 'முடிச்சைப் பறித்தான்' என்று நம்மில் ஒருவரும் கூறார். ஆங்கிலத்திலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு. அவற்றை அறியாமல், நமக்குத் தெரிந்த 'கட்' என்னும் ஒரு சொல்லையே எல்லா இடங்களிலும் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

முன்பு நான் பணியாற்றிய தோட்டப் பள்ளிக்கு, பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுத்து வந்தார். ஐந்தாம் ஆண்டில் பயின்ற அவர் மகன் அதனைப் படித்து, "பணம் கட்டாவிட்டால் கரண்டுக் கம்பியை அறுத்துவிடுவார்களாம்" என்று சொல்லியிருந்தான். புதிய கம்பி போட என்ன செலவாகும் என்று கேட்கவே அவர் வந்திருந்தார். இரண்டு இரவுகளாக உறக்கமில்லை என்றார். கடிதத்தில் இருந்த சொல் 'டிஸ்கனெக்ட்'. அச்சொல்லில் அறுத்தல் என்பது இல்லை. இணைந்திருப்பதன் இணைப்பை நீக்குதலே அதன் பொருள். நிலுவையைச் செலுத்தினால் மீண்டும் இணைப்புத் தருவதாக அடுத்த வரியிலேயே எழுதப்பட்டிருந்தது. பையனையும் குறை கூறுவதற்கில்லை. 'மின்சாரத்தைத் துண்டித்தனர்' என்றுதானே நாமும் எழுதுகிறோம்! ஆங்கிலேயரும் 'கட் ஆஃப்' என்பர். ஆனால், 'ஆஃப்' சேர்ந்தவுடன் அது வருவதை நிறுத்துதல் என்றாகிவிடுகிறது. கத்திக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே, வினையைத் தேர்ந்தெடுக்கும் முன்னர், பிரிந்ததை மீண்டும் சேர்க்க இயலுமா என்று வினவிக்கொள்ளுங்கள். கயிற்றைக் கத்தியால் அறுத்தால் 'கட்'. முடிச்சை அவிழ்த்தால் 'அன்டை'. விண்ணப்பத் தாளின் அடிப்பகுதியைப் புள்ளிக்கோட்டின் வழியே பிரித்தெடுத்தால் 'டிடாச்'. பிரிப்பதற்கென்றே அமைந்த பகுதிக்கு அச்சொல் பொருந்தும். 'டு நாட் டிடாச்' என்று அச்சிட்டிருந்தால் அத்தாளைக் கிழித்தல் கூடாது. பெற்றோர் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

'அன்' என்னும் முன்னொட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். 'அன்ஹாப்பி' என்றால் மகிழ்ச்சியற்ற என்று பொருள். இதைக் கற்ற மாணவர், 'அன்' வருமிடமெல்லாம் இன்மைப் பொருளே என்று கருதிவிடுகின்றனர். வினையோடு சேரும்போது அது, முன்பு செய்த செயலைத் திரும்ப நீக்குதலைக் குறிக்கும். 'ஹி டிட் நாட் டை தி கோட்' என்றால் அவன் ஆட்டைக் கட்டவே இல்லை. 'ஹி அன்டைட் தி கோட்' என்றால் கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டான். இரண்டிலும் ஆடு தோட்டத்துக் கீரையைத் தின்றிருக்கலாம். குற்றம் மட்டும் வேறு வேறு! ஆனால், 'தி டோர் வாஸ் அன்லாக்ட்' என்பது, பூட்டாமல் கிடந்தது, பூட்டைத் திறந்தனர் என்னும் இரு பொருளுக்கும் இடந்தரும். முன்பின் வாக்கியங்களைக் கொண்டே தெளிய வேண்டும்.

மலாய் மொழியால் நேரும் பிழையும் ஒன்றுண்டு. 'புக்கா' என்னும் ஒரே சொல் கதவுக்கும் சட்டைக்கும் காலணிக்கும் பொருந்தும். அதே பழக்கத்தில் 'ஓப்பன் யுவர் ஷூஸ்' என்பது பிழை. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்க.

தமிழில் 'பிரிந்தது' தன்வினை, 'பிரித்தான்' பிறவினை. ஆங்கிலத்தில் 'செப்பரேட்டட்' என்னும் ஒரு வடிவமே இரண்டிற்கும் நிற்கும். 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது என்பதற்கும் அதுவே. சண்டையிட்ட இருவரை ஆசிரியர் பிரித்தார் என்பதற்கும் அதுவே. ஒன்றிலிருந்து பிரித்தலாயின் பின்னால் 'ஃப்ரம்' வரும். முழுப்பொருளைப் பகுதிகளாக்குதல் 'டிவைட்'. அதன்பின் 'இன்டு' வரும்.

இந்த 'டிவைட்' நம் பாட்டன்மார் வாழ்வைத் தொட்ட சொல். 1950, 1960ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் பல, சிறு சிறு நிலங்களாகப் பகுத்து விற்கப்பட்டன. ஆங்கில ஏடுகள் அதனைச் 'சப்டிவிஷன்' என்றும் 'ஃப்ராக்மென்டேஷன்' என்றும் எழுதின. முன்னது கோடு கிழித்துப் பகுக்கும் நில அளவையாளர் சொல். பின்னதில் உடைந்து சிதறும் ஓசை கேட்கிறது. வேலையையும் லயத்து வீட்டையும் இழந்தோர் 'தோட்டத் துண்டாடல்' என்றனர். என் கருத்தில் அதுவே மிகப் பொருத்தமான பெயர். அந்நிலையில்தான் துன் வீ. தி. சம்பந்தனாரின் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது.

எழுத்துப் பிழை ஒன்றையும் கவனியுங்கள். 'செப்பரேட்' என்பதில் 'பி' எழுத்தை அடுத்து 'ஏ' வரும். 'ஈ' எழுதுவது தவறு. வினையாயின் ஈற்றை 'ரேட்' என நீட்டுக. 'தனியான' என்னும் பொருளில் வந்தால் 'ரட்' எனக் குறுக்குக.

'பார்ட் ஃப்ரம்' என்பது ஒருவரைப் பிரிதல். 'பார்ட் வித்' என்பது தம்மிடமுள்ள பொருளைக் கைவிட்டுக் கொடுத்தல்.

இனி, பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள்: அப்பா மிதிவண்டியின் சக்கரத்தைக் கழற்றினார். அக்காள் அரிசியிலிருந்து கற்களைப் பிரித்தாள். ஐந்து பிள்ளைகளும் பலகாரத்தை ஐந்தாகப் பங்கிட்டனர். தம்பி படகின் கயிற்றை அவிழ்த்தான். பாட்டிக்குத் தம் காதணியைக் கொடுத்துவிட மனம் வரவில்லை.